பேச்சு வரவில்லை, சாதத்தை மிக்ஸியில் அடித்தால்தான் இறங்குகிறது: ஓசூரில் என்ன செய்யலாம்?

ஓசூர்_அம்மா

வணக்கம். என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். அம்மா, தாத்தா, தா, இல்ல, பாம் பாம் என்று எண்ணிப் பார்த்தால் பதினைந்து சொல் தேறும். இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதில்லை. ஆனால் ஏ முதல் இசட் வரை, எல்லா நிறங்களும், ஒன்று முதல் இருபது வரை ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பிக்கிறான். தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் என் கையைப் பிடித்து ஃபில்டர் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறான்.

சாப்பாடு இதைவிடப் பெரிய தலைவலி. பருப்பு சாதத்தை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால்தான் உள்ளே இறங்கும். ஒரு பருக்கை முழுசாக மாட்டிவிட்டால் ஓங்கரிக்கிறான். யூடியூப் ஓடாவிட்டால் வாயே திறப்பதில்லை. காலை, மாலை, ராத்திரி மூன்று வேளையும் புட்டிப்பால்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். அவர் பேசுவது தெலுங்கு, நான் தமிழ், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கன்னடம். குழந்தை மருத்துவர் "ஸ்பீச் தெரபி போங்க, வீட்டில் ஒரே மொழி பேசுங்க" என்றார். ஒரு சென்டரில் விசாரித்தோம். ஒரு செஷனுக்கு 700 ரூபாய், வாரத்தில் ஐந்து நாள் வர வேண்டுமாம். கதவு வழியாக எட்டிப் பார்த்தால் சோப்புக் குமிழி ஊதிப் பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். விளையாடுவதற்கா இவ்வளவு பணம் என்று கணவர் கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராஜபாளையம்_பாட்டி

கண்ணு, பயப்படாதே. ஆண் பிள்ளை கொஞ்சம் தாமதமாகத்தான் பேசும். என் பெரியவன் மூன்று வயதுக்கு மேல்தான் வாய் திறந்தான். இப்போது அவனை வாயை மூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவு, நாக்குத் தடிப்பு போய்விடும். சாப்பாட்டுக்கு நிலாவைக் காட்டி ஊட்டு. அந்தப் போனை முதலில் பிடுங்கி வை.

நைட்_டியூட்டி_நர்ஸ்

பாட்டி, போனைப் பிடுங்கச் சொன்னது சரி. வசம்பு வேண்டாம். குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன், வசம்பு கொடுத்து வாந்தி நிற்காமல் தூக்கிக்கொண்டு வரும் கைக்குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். பேச்சுக்கும் வசம்புக்கும் சம்பந்தம் இருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, அதிலிருந்து வரும் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் உயிருக்கே ஆபத்து. இந்தத் தம்பிக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது என்றாலும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கணக்கு_வாத்தியார்

எல்லாம் வியாபாரம். நம் காலத்தில் எந்தப் பிள்ளை தெரபிக்குப் போனது? தெருவில் விட்டால் தானாகப் பேசும். இப்போது தெருவும் இல்லை, கூட்டுக் குடும்பமும் இல்லை. அந்த இடத்தை சென்டர்காரன் வாடகைக்கு எடுத்துக்கொண்டான்.

மட்டுறுத்துநர்

சென்டர் பெயர், மருத்துவர் பெயர் போட்டுத் திட்ட வேண்டாம். மருந்து, டோஸ் எழுதினால் நீக்கிவிடுவோம். மற்றபடி தொடருங்கள்.

திருச்சி_தெரபிஸ்ட்

நான் பேச்சு, கேட்டல் துறையில் படித்தவள். சின்னக் குழந்தைகளோடு மட்டும்தான் வேலை. உங்கள் மகனைப் பார்க்காமல் இன்னது என்று பெயர் வைக்க மாட்டேன். ஆனால் எதற்குப் பிறகு எதைச் செய்வது என்று சொல்ல முடியும்.

முதலில் காது. "பாத்திரம் விழுந்தால் திரும்புகிறான், விளம்பரச் சத்தம் கேட்டால் ஓடி வருகிறான், காதில் ஒன்றும் இல்லை" என்று அநேகமாக எல்லா வீட்டிலும் சொல்வார்கள். பாத்திரச் சத்தம் கேட்கிற குழந்தைக்கே ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் தெளிவில்லாமல் போகலாம். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தங்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஆனால் பேச்சு மங்கலாகவே காதில் விழும். பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் இப்போது மறுபடி பார்க்க வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் டிம்பனோமெட்ரி, அதாவது நடுக்காதைப் பார்க்கும் பரிசோதனை, தேவைப்பட்டால் தூங்கவைத்து எடுக்கும் பெரா என்ற கேட்டல் பரிசோதனை. காதுப் பரிசோதனை கேட்காமலே தெரபிக்குத் தேதி கொடுக்கிற இடத்தை நான் நம்ப மாட்டேன்.

அடுத்தது, ஏ முதல் இசட் வரை ஒப்பிப்பதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அவனுக்குப் பாட்டு. தண்ணீர் கேட்பதுதான் பேச்சு. அவன் வாயால் கேட்காவிட்டாலும் விரல் நீட்டிக் கேட்கிறானா, விமானம் போனால் "பார்" என்று உங்களுக்குக் காட்டுகிறானா, காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா, முன்பு சொன்ன சொற்கள் ஏதாவது நின்றுபோயிருக்கிறதா? இந்தப் பதில்கள் சொற்களின் எண்ணிக்கையைவிட முக்கியம். கையைப் பிடித்து இழுப்பது மட்டும்தான், விரல் நீட்டுவதே இல்லை என்றால் தள்ளிப்போடாமல் குழந்தை வளர்ச்சியில் சிறப்புப் பயிற்சி பெற்ற மருத்துவரைப் பாருங்கள். 16 முதல் 30 மாதம் வரைக்கும் ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று பார்க்க எம்-சாட் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, உங்கள் மகன் இன்னும் அந்த வயதுக்குள்தான் இருக்கிறான்.

எண்ணிக்கை வேண்டுமா? இரண்டு வயதில் ஐம்பது சொல், இரண்டு சொல் சேர்ந்த பேச்சு என்பது பழைய கணக்கு. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. 2022-ல் பட்டியலைத் திருத்தியபோது ஐம்பது சொல்லை இரண்டரை வயதுக்குத் தள்ளியது. நூற்றுக்கு 75 குழந்தைகள் எட்டியிருக்கும் வயது அது. அந்தத் தளர்த்திய கணக்கிலும் "பால் தா" மாதிரி இரண்டு சொல் சேர்வது இரண்டு வயதுக்கே இருக்கிறது. ஆகவே, பாட்டி கோபிக்கக் கூடாது, காத்திருக்கிற கட்டம் தாண்டிவிட்டது. தாமதமாகப் பேசுகிறவர்களில் நிறையப் பேர் தாங்களாகவே எட்டிப் பிடித்துவிடுவார்கள், உண்மைதான். யார் பிடிப்பார்கள், யார் பின்தங்குவார்கள் என்று இரண்டு வயதில் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உதவி செய்துவிட்டு அது தேவைப்படாமல் போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மொழி பற்றி: மருத்துவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஓசூரில் மூன்று மொழி கேட்டு வளர்வது சாதாரணம். உங்கள் மாமியார் தெலுங்கில்தான் சிரிப்பார், கொஞ்சுவார், கதை சொல்வார். அதை நிறுத்திவிட்டு அரைகுறைத் தமிழில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் பகல் முழுவதும் குழந்தை காதில் விழும் பேச்சு பாதியாகிவிடும். சொற்களை எண்ணும்போது மூன்று மொழியையும் கூட்டி எண்ணுங்கள். தெலுங்கு "பாலு" தனி, தமிழ் "பால்" தனி.

ஓசூர்_அம்மா

ரொம்ப நன்றி மேடம். விரல் நீட்டுகிறான். நிலா, நாய், ஜே.சி.பி. எல்லாம் காட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான். தெலுங்கைச் சேர்த்தால் இன்னும் ஏழெட்டு சொல் இருக்கும்போல, மாமியாரிடம் கேட்டு எழுதுகிறேன். காதுக்கு அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறோம். அந்த 700 ரூபாய் விளையாட்டு பற்றி யாராவது சொல்லுங்களேன்.

சேலம்_அப்பா

தங்கச்சி, அந்தக் குமிழி விளையாட்டைக் கதவு வழியாகப் பார்க்காமல் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. அவளுக்குப் பார்த்தவர் முதல் நாளே என்னைத் தரையில் உட்காரச் சொல்லிவிட்டார்.

அவர் செய்தது இதுதான். குமிழியை ஒரு தடவை ஊதுவார். பிள்ளை துள்ளிக் குதித்து உடைப்பாள். உடனே மூடியை இறுக்கிப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடுவார். அவளால் திறக்க முடியாது. அவர் வாயைத் திறக்க மாட்டார். "என்ன வேணும்? சொல்லு!" என்று கேட்கவே மாட்டார். முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். பிள்ளை பாட்டிலைப் பார்ப்பாள், அவரைப் பார்ப்பாள், நீட்டுவாள். அந்தக் கணத்தில் "ஊது!" என்று ஒரே சொல், பிறகு ஊதல். திரும்பத் திரும்ப இதே. பிள்ளை "ஊ" என்று சொன்ன நாளில் நானும் அவளோடு குதித்தேன்.

வீட்டில் குமிழி பாட்டில் தீர்ந்துபோன பிறகும் விளையாட்டு தீரவில்லை. சேலைத் தொட்டிலை ஆட்டிவிட்டு நிறுத்துவது, "ஆட்டு". கொத்தமல்லி ஆயும்போது அவள் கையில் ஒரு கொத்து, "கிள்ளு". சப்பாத்தி மாவில் விரலைக் குத்துவது, "குத்து". லிஃப்ட் பட்டனை அவள் கைக்கு எட்டும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது, "அமுக்கு". பின்னால் ஆள் நின்றால் கொஞ்சம் முறைப்பார்கள், பரவாயில்லை. நண்டூருது நரியூருது விளையாட்டில் அக்குளுக்கு வரும் முன்னால் விரலை நிறுத்திவிட்டுக் காத்திருந்து பாருங்கள். சும்மா இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. மனதுக்குள் பத்து எண்ணச் சொல்வார் அந்த மேடம். நமக்குத்தான் மூன்றாவது எண்ணிக்கையிலேயே வாய் நமநமக்கும்.

திருச்சி_தெரபிஸ்ட்

சேலம் அண்ணா சொன்னதற்கு மேல் நான் சொல்லப் பெரிதாக இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அவர் சொன்ன எல்லாம் வினைச்சொல் என்பதைக் கவனியுங்கள். ஆப்பிள், ரெட், ட்ரயாங்கிள் என்று பெயர்களாகக் கற்றுக்கொடுத்தால் இரண்டு சொல் சேராது. தா, போடு, எடு, வா, ஊத்து, திற மாதிரி நாலைந்து இருந்தால் "பால் ஊத்து", "கதவு திற" என்று தானே ஒட்டிக்கொள்ளும். அவன் "பால்" என்றால் நீங்கள் "பால் ஊத்து" என்று ஒரே ஒரு படி ஏற்றிச் சொல்லுங்கள். அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் "மாமாவுக்கு ஏ பி சி டி சொல்லிக் காட்டு" என்பதையும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்.

மதுரை_மல்லி

எங்கள் சென்டரில் விசில் ஊதுவது, பலூன் ஊதுவது, மெழுகுவர்த்தி அணைப்பது, நாக்கில் பிரஷ் தேய்ப்பது, உதட்டில் ஜாம் தடவி நக்கச் சொல்வது எல்லாம் கொடுக்கிறார்கள். நாக்குக்குப் பலம் வந்தால் பேச்சு வரும் என்கிறார்கள். இதுவும் விளையாட்டுத்தானே? சரியா?

திருச்சி_தெரபிஸ்ட்

மல்லி, இங்கே என் துறையைச் சேர்ந்தவர்களே என்னோடு சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் சொல்கிறேன். ஊதுவதாலும் நாக்கை மேலே கீழே ஆட்டுவதாலும் பேச்சு ஒலிகள் திருந்துகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. பேசுவதற்கு நாக்குக்கு வேண்டிய பலம் மிகக் குறைவு. வேண்டியது வேகமும் ஒழுங்கும். அது பேசிப் பேசித்தான் வரும், விசில் ஊதி வராது. பிள்ளைக்கு விசில் பிடித்தால் ஊதட்டும், முறை வைத்து ஊத நல்ல விளையாட்டு. "என் முறை, உன் முறை" என்பதில் பேச்சு இருக்கிறது, ஊதலில் இல்லை. 45 நிமிட செஷனில் அரை மணி நேரம் விசிலிலேயே போனால் "இதனால் எந்த ஒலி வரும்?" என்று நேராகக் கேளுங்கள்.

கோவை_ஓடி

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாடச் செயல்களைப் பழக்குவது என் வேலை. பாதி ஒத்துக்கொள்கிறேன். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள், வாயில் எதுவும் படவிடாத குழந்தைகள், நாள் முழுவதும் எச்சில் ஒழுகுகிற குழந்தைகளுக்கு வாய்க்குள்ளும் வெளியிலும் தொடு உணர்வுக்குச் செய்யும் வேலை சாப்பிடுவதற்கு உதவுகிறது. மொத்தமாக வீண் என்று எழுதினால் அந்தப் பெற்றோரும் நிறுத்திவிடுவார்கள்.

திருச்சி_தெரபிஸ்ட்

நியாயம். சாப்பாட்டுக்குச் செய்வது வேறு, பேச்சு வரும் என்று சொல்லிச் செய்வது வேறு. நான் சொன்னது இரண்டாவதை மட்டும்.

சாப்பாடு என்றதும் ஓசூர் அம்மாவின் மிக்ஸிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பேச்சுக்கு வருகிற பெற்றோரில் பலர் சாப்பாட்டுப் பிரச்சினையைக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

மெல்லுவது பிறவியில் வருவதல்ல, பழகி வருவது. ஆறு மாதத்தில் தாடை மேலும் கீழும் அசையும். உணவைக் கடைவாய்க்குத் தள்ள நாக்கு பக்கவாட்டில் போகப் பழக வேண்டும். தாடை சுற்றிச் சுற்றி அரைப்பது ஒரு வயதையொட்டித் தொடங்கி இரண்டு மூன்று வயது வரை மெருகேறும். ஒன்பது பத்து மாதத்திலேயே கட்டியான உணவு வாய்க்குப் பழகியிருக்க வேண்டும். அதைத் தாண்டி வெகுநாள் மிக்ஸிக் கூழிலேயே இருந்த குழந்தைகளிடம் சாப்பாட்டுத் தகராறு அதிகம். மிக்ஸி சாதத்தை நாக்கு நேராகப் பின்னால் தள்ளி விழுங்கிவிடும். அப்படியே பழகிய வாயில் திடீரென்று ஒரு முழுப் பருக்கை வந்தால் அதை எங்கே கொண்டுபோவது என்று நாக்குக்குத் தெரியாது. ஓங்கரிப்பான். அடம் என்று திட்டிப் பயனில்லை.

ரசம் சாதம் இளகலாக இருக்கிறது, சுலபம் என்று நினைக்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் கடினம். தண்ணீர் ஒரு வேகத்தில் ஓடும், பருக்கை வேறு வேகத்தில் நிற்கும், வாய் இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். காய்த் துண்டு மிதக்கிற சாம்பார் சாதமும் அப்படித்தான். அதைவிட நெய் தோசையை விரல் நீளத்துக்குக் கிழித்து அவன் கையில் கொடுப்பது எளிது. மெத்தென்ற இட்லித் துண்டு, ஆவியில் வேகவைத்துக் குச்சியாக நறுக்கிய கேரட், பழுத்த பப்பாளி, இடியாப்பம். நடுவாயில் வைக்காமல் பக்கவாட்டில், கடைவாய்ப் பக்கம் வைத்தால் நாக்கு தேடிக்கொண்டு அங்கே போகும். அதுவே பயிற்சி. சாதத்தைப் படிப்படியாக மாற்றுங்கள்: மிக்ஸிக்குப் பதில் மத்து, மத்துக்குப் பதில் கை. ஒரு மாற்றம் பழகிய பிறகு அடுத்தது.

இதில் விளையாட்டு எங்கே வருகிறது? சாப்பிடாத நேரத்தில் உணவைத் தொட விடுங்கள். பட்டாணி உரிக்கட்டும், இட்லி மாவில் கரண்டியால் தட்டட்டும், பொம்மை யானைக்கு தோசை ஊட்டட்டும். உங்களுக்கு ஊட்டட்டும், நீங்கள் சத்தம் வரக் கடித்து "கருக், முறுக்" என்று மென்று காட்டுங்கள். முகர்ந்துவிட்டுத் தள்ளிவைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நக்கிப் பார்த்தால் அது முன்னேற்றம். வாயில் போட்டுத் துப்பினால் இன்னும் பெரிய முன்னேற்றம், துப்பத் தெரிந்த குழந்தைதான் துணிந்து கடிக்கும். புதிய உணவு ஒன்றைப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகே சில குழந்தைகள் தொடும். நாம் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

என்ன கொடுப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பது உங்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பதை அவனிடம் விடுங்கள். எல்லன் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த இந்தப் பங்கீட்டை நம் வீடுகளில் சொன்னால் பாட்டிமார் என்னைத் துரத்துவார்கள். ஆனாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "சொல்லு, சொல்லு" என்று முகத்துக்கு நேரே நின்று நெருக்குகிற வீட்டில்தான் "ஆ காட்டு, ஆ காட்டு" என்று கரண்டியோடும் துரத்துவார்கள். நான் வேலை பார்த்தவரை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கின்றன, இரண்டுக்கும் பிள்ளை தருகிற பதிலும் ஒன்றுதான், வாயை மூடிக்கொள்வது.

எடை ஏறாமல் இருப்பது, தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல், குடித்த பிறகு குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி, இவை இருந்தால் மேலே சொன்ன எதையும் வீட்டில் முயலாமல் முதலில் மருத்துவரிடம் போங்கள். விழுங்குவதிலேயே கோளாறு இருக்கலாம்.

நைட்_டியூட்டி_நர்ஸ்

ஓங்கரிப்புக்கும் மூச்சடைப்புக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். ஓங்கரிக்கிற குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும், உணவை முன்னால் தள்ளும். அது உடம்பின் பாதுகாப்பு. பதறாதீர்கள், விரலை வாய்க்குள் விடாதீர்கள். மூச்சடைத்த குழந்தையிடம் சத்தமே வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலமாகும். அப்போது ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் தலை தாழக் குப்புறப் பிடித்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சில் ஐந்து அழுத்தம், அடைப்பு வெளியே வரும் வரை மாற்றி மாற்றி. ஒரு வயதுக்கு மேல் முதுகில் தட்டி, பிறகு பின்னாலிருந்து தொப்புளுக்கு மேல் வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்துவது. கூடவே ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இதைப் படித்து மட்டும் வைக்காதீர்கள், முதலுதவிப் பயிற்சியில் பொம்மையில் செய்து பாருங்கள்.

முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு இந்த வயதுக்கு வேண்டாம். ஓடிக்கொண்டும் படுத்துக்கொண்டும் சாப்பிட வேண்டாம்.

இன்னொன்று. மூன்று புட்டிப் பால் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை மில்லி? அரை லிட்டரைத் தாண்டினால் பசிக்க இடம் இருக்காது. பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணக்கு_வாத்தியார்

சரி, ஒரு சந்தேகம். எல்லாம் வீட்டில், தொட்டிலில், கொத்தமல்லியில் நடக்கிறது என்றால் தெரபிஸ்ட் எதற்கு? நான் ஆரம்பத்தில் சொன்னதைத்தானே சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்?

திருச்சி_தெரபிஸ்ட்

சார், கேள்வி நல்ல கேள்வி. இரண்டு வயதில் ஒரு பிள்ளை காக்காவைத் "தாத்தா" என்கிறது. க வர வேண்டிய இடத்தில் த. நிறையப் பிள்ளைகள் அப்படித்தான், தானே மாறும். நான்கு வயதிலும் அப்படியே சொன்னால் நான் அதை எடுத்துக்கொள்வேன். அதே நான்கு வயதில் ழ, ற வரவில்லை என்று அழைத்து வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், அவை இன்னும் தாமதமாக வருபவை. இன்னொரு பிள்ளை "பால்" என்பதை ஒரு தடவை "பா", அடுத்த தடவை "மோ", அடுத்த தடவை வாயை எப்படி வைப்பதென்று தேடித் தேடி ஒன்றும் வராமல் நிறுத்துகிறது. அது பேச்சின் இயக்கத் திட்டமிடலில் சிக்கல். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வாரம் பல நாள் தெரபி தேவைதான், தொட்டில் விளையாட்டு மட்டும் போதாது. மூன்றாவது பிள்ளைக்குக் காது. நான்காவது பிள்ளைக்கு ஆட்டிசம். வெளியிலிருந்து பார்த்தால் நான்கு பேருமே "இன்னும் பேசல". பிரித்துப் பார்ப்பதற்குத்தான் படிப்பு. பிரித்த பிறகு பெற்றோர் கையில் வேலையைக் கொடுக்காதவர் நல்ல தெரபிஸ்ட் இல்லை என்பதில் நானும் நீங்களும் ஒரே கட்சி.

ஓசூர் அம்மா, எல்லாருக்கும் வாரம் ஐந்து நாள் என்று பரிசோதிக்கும் முன்பே சொல்கிற இடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். நான் உள்ளே உட்காரலாமா? இந்த மாதம் எந்த இலக்கு? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். பார்க்கிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.-யில், பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பதிவு எண்ணை அவர்கள் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கேட்டால் கோபிக்கிறவரிடம் போக வேண்டாம்.

மதுரை_மல்லி

போன் பார்ப்பதால் "வர்ச்சுவல் ஆட்டிசம்" வருகிறது என்று ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

கோவை_ஓடி

அது யூடியூபில் பரவிய பெயர். நோய்ப் பட்டியல்களில் அப்படி ஒன்று இல்லை. போனால் ஆட்டிசம் வருவதில்லை. ஆட்டிசம் இருக்கிற குழந்தை போனோடு அதிகமாக ஒட்டிக்கொள்ளலாம், அது வேறு விஷயம். போன் ஓடுகிற நேரத்தில் ஒருவருக்கொருவர் மாறி மாறிப் பேசுவது நடக்காது, அந்த இழப்புதான் நிஜம். ஒரு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. சாப்பாட்டு நேரப் போனை முதலில் வெட்டுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு விழுங்குகிற குழந்தைக்கு வாயில் என்ன இருக்கிறது என்றே தெரியாது, பிறகு மெல்லுவது எங்கே பழகும்? முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான். வீட்டில் எல்லாரும் அதைத் தாங்க வேண்டும், அங்கேதான் பெரும்பாலும் உடைகிறது.

ஓசூர்_அம்மா

போய் வந்தோம். இரண்டு காதிலும் நீர் இருக்கிறதாம். கேட்கும் திறன் லேசாகக் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்க்கலாம், பலருக்குத் தானே வற்றிவிடும், வற்றாவிட்டால் அடுத்ததை யோசிக்கலாம் என்றார். "வாசல் மணி அடித்தால் ஓடுகிறானே" என்று மாமியார் அவரிடமும் வாதாடினார்.

தெலுங்கையும் சேர்த்தால் இருபத்துமூன்று சொல். தோசையைக் குச்சியாகக் கிழித்துக் கொடுத்தேன். கடித்தான், மென்றான், துப்பினான், மறுபடி எடுத்தான். மேடம் எழுதியதைப் படித்திராவிட்டால் துப்பியதற்குத் திட்டியிருப்பேன். போன் இல்லாமல் ராத்திரிச் சாப்பாடு மட்டும் நடக்கிறது. பகலில் இன்னும் யுத்தம்தான்.

மூன்று மாதம் தெரபிக்குக் காத்திருக்க வேண்டுமா?

திருச்சி_தெரபிஸ்ட்

வேண்டாம், இப்போதே தொடங்கலாம். காதில் நீர் இருக்கும்வரை சில மாற்றங்கள்: அவன் உயரத்துக்கு இறங்கி, முகம் தெரியும்படி, கைக்கெட்டும் தூரத்தில் பேசுங்கள். அடுக்களையிலிருந்து கூப்பிட்டுவிட்டு "கேட்கவே மாட்டேன் என்கிறான்" என்று கணக்கு வைக்காதீர்கள். பேசும்போது டிவி, மிக்ஸி, கிரைண்டர் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால் அவன் பக்கத்தில் வேண்டாம். படுத்தபடி புட்டிப்பால் குடிப்பதும் காதுக்கு நல்லதல்ல. மாமியாரையும் ஒரு செஷனுக்கு அழைத்துப் போங்கள். பகல் முழுக்க அவரோடுதான் இருக்கிறான், உங்களைவிட அவர் கற்றுக்கொள்வது முக்கியம்.

சேலம்_அப்பா

செலவு பற்றி யாரும் சொல்லவில்லை. 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு வருடத்தில் இரண்டு தடவை வாகனக் குழு வந்து பரிசோதிக்கும். சந்தேகம் இருந்தால் மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் வழி காட்டுவார்கள். கட்டணம் இல்லை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம், நிப்மெட், இருக்கிறது. பெங்களூரைத் தாண்டிப் போக முடிந்தால் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம். கூட்டம் இருக்கும், பாதி நாள் போய்விடும். டிபன் டப்பா எடுத்துப் போங்கள், அதுவே சாப்பாட்டுப் பயிற்சியும் ஆகிவிடும். நாங்கள் அரசு மையத்தில் மதிப்பீடு எடுத்துவிட்டு, வாரம் ஒரு நாள் மட்டும் தனியாரிடம் காட்டினோம். கையைக் கடிக்கவில்லை.

கணக்கு_வாத்தியார்

இந்தத் தகவலை முதலிலேயே போட்டிருக்கலாம். என் தம்பிக்கு அனுப்புகிறேன், அவன் பேரனுக்கும் இரண்டு வயது, இதே போன் கதைதான்.

ஓசூர்_அம்மா

மாமியார் ஒன்று கேட்கச் சொல்கிறார். புட்டியை ஒரேயடியாக நிறுத்தலாமா, கொஞ்சம் கொஞ்சமாகவா? ராத்திரிப் புட்டி இல்லாமல் தூங்க மாட்டான்.

நைட்_டியூட்டி_நர்ஸ்

பகல் புட்டிகளை முதலில். ஒன்றை டம்ளருக்கு மாற்றுங்கள், அது பழகிய பிறகு அடுத்தது. ராத்திரி கடைசி. தூங்குவதற்கு முன்னால் உட்கார்ந்து டம்ளரில் குடித்து, பல் தேய்த்து, அப்புறம் படுக்கை. நடுவில் எழுந்து கேட்டால் தண்ணீர் மட்டும்.

ராஜபாளையம்_பாட்டி

சின்ன எவர்சில்வர் டம்ளராக வாங்கு, விளிம்பு மடித்தது. காபி டம்ளர் வேண்டாம், கனம். கால் டம்ளருக்கு மேல் ஊற்றாதே. முதல் வாரம் தரையில் பழைய துணி ஒன்று விரித்து வை, பாதி அதற்குத்தான்.